பிலோமினா அக்கா ஏன் கறுப்புத் திரையை விடவில்லை

கணினி சொல்லிக்கொடுக்கப் போகும் உங்களில் ஒருவர் போன மாதம் என்னைக் கூப்பிட்டுப் புலம்பினார். அலுவலகம் முழுவதும் இணையம் பார்க்க இனி ஒரே உலாவிதான் (பிரவுசர்) என்று உத்தரவு வந்துவிட்டதாம். எல்லாரும் மாறிவிட்டார்கள், கணக்குப் பிரிவில் ஒரு பெண்மணி மட்டும் பழையதை விட்டு அசைய மாட்டேன் என்கிறாராம். "புதுசு எவ்வளவு வேகம்னு பக்கத்துல உக்காந்து காட்டிட்டேன் ஆன்ட்டி. ஷார்ட்கட் எல்லாம் பிரிண்ட் பண்ணிக் குடுத்துட்டேன். சும்மா பிடிவாதம் லா," என்றார்.

தொலைபேசியில் அவருக்கு உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. சொல்ல நினைத்தது கொஞ்சம் நீளம். உங்கள் எல்லாருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

உலாவிச் சண்டையெல்லாம் உங்கள் தலைமுறையில் வந்தது என்று நினைக்காதீர்கள். எழுபதுகளில் நான் சிங்கப்பூரில் மின்தட்டச்சு இயந்திரம் விற்கவும் பழக்கிக் கொடுக்கவும் போய்க்கொண்டிருந்தேன். நான் விற்ற இயந்திரத்தில் எழுத்துகள் எல்லாம் ஒரு உலோக உருண்டையில் இருக்கும், உருண்டை சுழன்று சுழன்று அடிக்கும். போட்டிக் கம்பெனியின் இயந்திரத்தில் பழைய மாதிரியே எழுத்துக்கு ஒரு கம்பி. அதை விற்றவள் என் வயதுக்காரி. தேக்காவில் ஒரே காப்பிக்கடையில்தான் இரண்டு பேரும் சாப்பிடுவோம். என் இயந்திரம்தான் சிறந்தது, அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அவள்தான் அதிகம் விற்றாள்.

கல்யாணமாகி மலேசியாவில் ஈப்போவுக்குப் போகிற வாரத்தில், மனம் இளகி, எனக்கு ரகசியத்தைச் சொன்னாள். "நீ உள்ள போனதும் பேச ஆரம்பிச்சுடுற. நான் பேசமாட்டேன். டைப் அடிக்கிறவங்க பின்னாடி போய் நிப்பேன். நான் நிக்கிறதை அவங்க மறக்கணும். அப்புறம் அவங்க கையைப் பாப்பேன், எங்க தயங்குதுன்னு. அதை மட்டும்தான் பேசுவேன்."

தொழிலை விட்டுப் போகும்போதுதான் சொன்னாள், கெட்டிக்காரி. ஆனாலும் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் யாரும் அதைவிட நல்ல பாடம் சொல்லவில்லை.

எண்பதுகளின் பிற்பாதியில் தட்டச்சு இயந்திரங்கள் போய், மேசைக்கு மேசை கணினி வந்தது. நான் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். கம்பெனிகள் கூப்பிட்டால் போய், அங்கே ஊழியர்களுக்கு அவரவர் மேசையிலேயே கற்றுக்கொடுப்பது என் வேலை. அப்போது கடிதம், அறிக்கை எழுதும் மென்பொருள்களில் இரண்டுக்குத்தான் பெரிய போட்டி. ஒன்று, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அதில் எல்லாக் கட்டளையும் கன்ட்ரோல் விசையோடு இன்னொரு எழுத்தைச் சேர்த்து அடிப்பது. விரல்கள் எழுத்து விசைகளை விட்டு நகரவே நகராது. இன்னொன்று நீலத் திரை. அதில் விசைப்பலகையின் மேல் வரிசையில் இருக்கிற எஃப் விசைகளை அழுத்த வேண்டும். எந்த விசை எதற்கு என்று நான்கு நிறத்தில் அச்சடித்த ஒரு நீள அட்டையை அதற்கு மேலே வைத்திருப்பார்கள். பார்த்துப் பார்த்து அடிக்கலாம்.

கறுப்பைப் பழகியவர் நீலத்தைத் தொடமாட்டார். நீலத்தைப் பழகியவர் கறுப்பைக் கண்டால் சிரிப்பார். ஒன்றில் எழுதியதை மற்றதில் திறந்தால் அடிக்கோடெல்லாம் வினோதமான குறிகளாக மாறியிருக்கும். அலுவலகங்களில் இதற்காக முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இருந்தார்கள். சிரிக்காதீர்கள், உங்கள் உலாவிச் சண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

ஜூரோங்கில் ஒரு பொறியியல் கம்பெனி கறுப்பிலிருந்து நீலத்துக்கு மாற முடிவெடுத்து எங்களைக் கூப்பிட்டது. கப்பல் பட்டறைகளுக்கு உதிரிப்பாகம் செய்கிறவர்கள். தொழிற்சாலைக்கு மேலே அலுவலகம், அதில் ஒரு பெரிய அறை முழுவதும் தட்டச்சுப் பிரிவு. முதல் நாளே அலுவலக மேலாளர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். சீனர், நிதானமானவர், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா.

"இந்தப் பயிற்சி முடியும்போது யார் மாறிவிட்டார்கள், யாரால் முடியவில்லை என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டும். முடியாதவர்களை வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி இல்லை," என்றார் ஆங்கிலத்தில். அதைச் சொல்வது அவருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. பட்டறைகளில் ஆள் குறைப்பு நடந்து முடிந்த காலம் அது. யாருக்கும் யாரையும் காப்பாற்றும் தைரியம் இல்லை.

அந்த அறையில் பிலோமினா என்று ஒருவர். ஆங் மோ கியோவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், அதனால் எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் நூரு. கடினமான தாள்கள் எல்லாம், அதாவது அளவுகளும் குறியீடுகளும் நிறைந்த பக்கங்கள், அவர் மேசைக்குத்தான் போகும். அவர் அடிப்பதைக் கேட்பது தகரக் கூரையில் மழை பெய்வதைக் கேட்பது போல இருக்கும்.

நீலத்தில் உட்கார வைத்தால் அந்த மழை நின்றுவிடும். எல்லாரும் தத்தித் தடுமாறி முன்னேறிக்கொண்டிருந்தார்கள். அக்கா முன்னேறவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பினால் கறுப்புக்குப் போய்விடுவார்.

"அக்கா, கொஞ்சம் முயற்சி பண்ணுங்களேன்."

"எனக்கு இதுவே நல்லாயிருக்கு நூரு. வேலை முடியுதா இல்லையா, அதைத்தானே பாக்கணும்?"

"ரெண்டு வாரத்துல பழைய புரோகிராமை எடுத்துடுவாங்க."

"எடுக்கட்டும். அப்போ பாத்துக்கலாம்."

பக்கத்து மேசை ரோக்கையா, மலாய்க்காரர், நீலத்தில் முதலில் தேறியவர். அவர் என் காதில் மலாயில், "அவங்க எப்பவும் இப்படித்தான். பழசுன்னா உயிர்," என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எரிச்சலாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் ஈப்போ போனவள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு காலை முழுவதும் அக்காவின் பின்னால் நின்றேன். முதலில் தோளைச் சிலுப்பினார். பிறகு மறந்துவிட்டார். கறுப்பில் அடிக்கும்போது அவருடைய தலை அசையவே இல்லை. படித்து அடிக்க வேண்டிய தாளைத் திரைக்கு மிக அருகில், நேர் எதிரே நிறுத்தி வைத்திருந்தார். மற்ற எல்லாரும் பக்கவாட்டில் வைப்பார்கள். நீலத்துக்கு மாறியதும் அட்டையைப் பார்க்கத் தலையை முழுவதுமாகக் கீழே குனிந்தார், ஒரு விசையைத் தேடினார், மறுபடி நிமிர்ந்தபோது தாளில் விட்ட இடம் தெரியாமல் விரலால் தேடினார். ஒவ்வொரு முறையும் அப்படி.

அவருக்குத் தொல்லை அந்த அட்டைதான் என்று எனக்குப் புரிந்தது. விரல்கள் எழுத்து விசைகளை விட்டு விலகக்கூடாது, கண் கீழே போகக்கூடாது. அவ்வளவுதானே?

வார இறுதியில் பயிற்சி நிலையத்தில் உட்கார்ந்து நீலத்தைக் குடைந்தேன். அமைப்புப் பட்டியலுக்குள்ளே போய், அதற்குள்ளே இன்னொரு பட்டியலுக்குள் போனால், எந்த விசை எதைச் செய்ய வேண்டும் என்று நாமே மாற்றிக்கொள்ளும் வசதி ஒன்று இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கறுப்பின் கன்ட்ரோல் கட்டளைகளை ஒவ்வொன்றாக நீலத்துக்குள் கொண்டுவந்து ஒரு டிஸ்கெட்டில் பதிந்தேன். சாப்பிடப் போனதுகூட நினைவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை அக்காவின் கணினியில் அதை ஏற்றினேன். "பழைய மாதிரியே அடிங்க," என்றேன். சந்தேகத்தோடு ஒரு வரி அடித்தார். ஒரு பத்தியை அடையாளமிட்டு வேறிடத்துக்கு நகர்த்தினார். பிறகு தகரக் கூரையில் மழை. ரோக்கையா எழுந்து வந்து பார்த்தார். அக்கா ஒரு பக்கத்தை முடித்துவிட்டு என் கையைப் பிடித்தார். அழுதுகொண்டிருந்தார்.

"மாதா காப்பாத்திட்டாங்க," என்றார். "உன் ரூபத்துல வந்து காப்பாத்திட்டாங்க."

நான் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஏதோ இடறியது. தட்டச்சு சுலபமானதற்கு யாரும் இப்படி அழமாட்டார்கள்.

அன்று பிற்பகல் டீ வண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வருகிற அம்மா தினமும் அதே நேரம், அதே வழியில்தான் வருவார். ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு நடந்துபோன அக்கா, இடப்பக்கமிருந்து வந்த வண்டியின் மேல் நேராகப் போய் மோதினார். கோப்பைகள் உருண்டன. சூடான டீ அக்காவின் பாவாடையெல்லாம் கொட்டியது.

"கண்ணை எங்க வெச்சிருக்கீங்க!" என்று யாரோ கத்த, அறையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கழிப்பறைக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

குழாயடியில் பாவாடையில் பட்ட டீயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, வண்டி வந்தது தெரியலையா?"

"வேற யோசனையில இருந்தேன்."

"நிமிர்ந்து கண்ணாடியைப் பாருங்க. அப்படியே பாத்துக்கிட்டு, என் கை எங்க இருக்குன்னு சொல்லுங்க." கையை அவருடைய தோளுக்குப் பக்கவாட்டில் நீட்டினேன். ஆட்டினேன். அவருடைய கண்கள் கண்ணாடியில் என் முகத்தைத் தேடின.

"எனக்கு இப்படியெல்லாம் பரீட்சை வெக்காதே நூரு," என்றார் மெதுவாக.

பிறகு குழாயை மூடிவிட்டுச் சொன்னார். போன வருஷமே ஆரம்பித்ததாம். பஸ் படியில் கால் தவறியது, கதவு நிலையில் தோள் இடித்தது. வயதாகிறது என்று நினைத்தாராம். "நடுவுல நல்லாத் தெரியுது. பேப்பர்ல முற்றுப்புள்ளிகூடத் தெரியும். சுத்திலும்தான் ஒண்ணுமில்ல. குழாய் வழியா பாக்கற மாதிரி. ஸ்க்ரீனை விட்டுக் கண்ணை எடுத்தேன்னா திரும்பி வர வழி தெரியல. பழசுல அந்தத் தொல்லை இல்ல, எல்லாம் விரலுக்குத் தெரியும்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"புனித லூசியம்மாகிட்ட வேண்டிக்கிட்டிருக்கேன். கண்ணுக்கு அவங்கதான்."

"டாக்டர்கிட்ட, அக்கா."

"அவர் பாத்துச் சொல்லிட்டா அது உண்மையாயிடும்," என்றார். "வீட்டுக்காரருக்குப் பட்டறை வேலை போயிடுச்சு, தெரியுமில்ல? இப்போ வாட்ச்மேன். ரெண்டு பிள்ளைங்க செகண்டரி ஸ்கூல். நான் கண்ணு தெரியாதவன்னு இங்க தெரிஞ்சா? நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது. அல்லா மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்யவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு நிம்மதி இல்லை. நான் கண்டுபிடித்த குறுக்குவழி அவர் வேலையைக் காப்பாற்றும். கூடவே அவர் ஒளிந்துகொள்ள நல்ல மறைவிடமாகவும் ஆகும். தட்டச்சு ஓடுகிற வரை அவர் டாக்டரிடம் போகப்போவதில்லை. குழாய் இன்னும் குறுகிக்கொண்டே போகும். ஒருநாள் நடுவிலும் தெரியாமல் போனால் எந்த விசையை மாற்றி என்ன பயன்?

ஒரு சுலபமான வழி இருந்தது. டிஸ்கெட் என் பையில்தான் இருந்தது. அவருடைய கணினியில் அதை நிரந்தரமாக வைக்கவில்லை, காலையில் நான் போய் ஏற்றினால்தான் ஓடும். டாக்டரிடம் வந்தால் தருகிறேன் என்று சொல்லிவிடலாம். அவர் வந்தே ஆகவேண்டும். நல்லதுக்குத்தானே?

இளையவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் கையிலும் இப்படி நிறைய சாவிகள் இருக்கும். கடவுச்சொல், அனுமதி, அமைப்பு எல்லாம் உங்களிடம்தான். உங்களிடம் இருப்பதால் மற்றவர்கள் வாழ்க்கையை நல்ல வழிக்குத் திருப்பும் உரிமையும் இருப்பதாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தேக்காவில் இறங்கும்வரை அந்த எண்ணத்தோடுதான் இருந்தேன். ஆனால் கழிப்பறையில் பயந்து நின்ற அந்த முகத்துக்கு முன்னால் இன்னொரு பயத்தைக் கொண்டுபோய் வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை, அந்த அமைப்பை அவருடைய கணினியிலேயே நிரந்தரமாக வைத்தேன். டிஸ்கெட்டையும் அவரிடம் கொடுத்தேன்.

"இது உங்களது. நான் இருந்தாலும் இல்லாட்டியும் ஓடும்," என்றேன். "சனிக்கிழமை காலையில ஆங் மோ கியோ பஸ் நிலையத்துல நிப்பேன். கண்ணு டாக்டர்கிட்ட சேர்ந்து போவோம்."

அவர் முகம் கடுத்தது. "வரலைன்னா?"

"வரலைன்னா நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

"இதுக்குத்தான் இதெல்லாம் செஞ்சு குடுத்தியா?"

"இல்லக்கா. அது வேற, இது வேற. அதை ஏற்கனவே குடுத்துட்டேன்."

சனிக்கிழமை போய் நின்றேன். காய்கறிப் பைகளோடு பெண்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அக்கா வரவில்லை. வெயில் ஏறியதும் திரும்பினேன். திங்கட்கிழமை அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. ரோக்கையாவுக்கு அட்டவணை போடச் சொல்லிக்கொடுத்தேன். அக்காவின் பக்கமிருந்து மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த வாரம் எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை.

பயிற்சியின் கடைசி வாரத்தில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொருவரைப் பற்றியும் சொன்னேன். பிலோமினா என்று வந்ததும், "புது மென்பொருளில் இந்த அறையிலேயே வேகம் அவர்தான். விசைகளை அவருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மென்பொருளே அனுமதிக்கிற மாற்றம்தான்," என்றேன். அது முழு உண்மை.

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "டீ வண்டியில் மோதினாராமே. அதற்கு முன்னாலும் ஏதோ நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு உடம்புக்கு ஏதாவது பிரச்சினையா?"

இல்லை என்றால் பொய். ஆம் என்றால் துரோகம். எங்கள் நிலையத்துக்கு அந்தக் கம்பெனி பெரிய வாடிக்கை, அடுத்த வேலைக்கும் எங்களையே கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"சார், தட்டச்சைப் பற்றிக் கேளுங்கள், எதுவானாலும் சொல்கிறேன்," என்றேன். "மற்றதை அவரிடமே கேளுங்கள்."

"நான் உங்களைத்தான் கேட்கிறேன்."

"தெரியும் சார். என் பதில் அதுதான்."

அவருக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தவில்லை, ஆனால் என் ஃபைலை மூடி என் பக்கமாகத் தள்ளினார். அடுத்த வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

மாலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றபோது அக்கா பக்கத்தில் வந்தார். என் தோளைத் தொட்டுப் பார்த்து, நான்தான் என்று உறுதி செய்துகொண்டார்.

"அவர் என்னைக் கூப்பிட்டாரு," என்றார். "உடம்பு நல்லாயிருக்கான்னு கேட்டாரு. நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன்."

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"அவர் கேட்ட விதத்திலேயே தெரிஞ்சுது, நீ எதுவும் சொல்லலைன்னு. உன்கிட்டயும் கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னே?"

"உங்ககிட்டயே கேக்கச் சொன்னேன்."

பஸ் வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள். அக்கா படியைக் காலால் தேடிக் கண்டுபிடித்து, ஒரு காலை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பினார். "அன்னைக்கு சனிக்கிழமை ரொம்ப நேரம் நின்னியா?"

"கொஞ்ச நேரம்."

"வந்தேன். எதிர்ப்பக்கம் ரோடு வரைக்கும் வந்தேன் நூரு. தாண்ட முடியல. பயமா இருந்துச்சு." பிறகு, "இந்த வாரம் என் வீட்டு பிளாக்குக்கே வந்து கூட்டிட்டுப் போறியா?" என்றார்.

போனேன். மின்தூக்கிக்கு வெளியே நல்ல சேலை கட்டிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவர் போல நின்றுகொண்டிருந்தார். அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் பல சோதனைகள். கடைசியாக ஒரு வெள்ளை அரைக்கோளத்துக்குள் முகத்தை வைத்து, நடுவில் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டு, சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். என்னைக் கதவோரம் உட்கார விட்டார்கள். பொத்தான் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டச்சுச் சத்தத்தால் அறையையே நிறைத்த அந்த விரல்கள் அங்கே ஒரு சத்தம் எழுப்பின. நீண்ட நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு சத்தம். அந்த இடைவெளியில் எத்தனை வெளிச்சங்கள் வந்து போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோய் என்றார் டாக்டர். போன பார்வை திரும்பாது. ஆனால் மீதியை நிறுத்தி வைக்க மருந்து இருக்கிறது, ஒருநாளும் தவறாமல் சொட்டு விட வேண்டும். "இன்னும் தாமதித்திருந்தால் நான் வேறு மாதிரி பேச வேண்டியிருந்திருக்கும். நடுப்பகுதி நன்றாக இருக்கிறது. அதை வைத்துக்கொள்வோம்," என்றார்.

வெளியே வந்து அக்கா நெடுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அழுவார் என்று நினைத்தேன். "பசிக்குது," என்றார். தேக்காவுக்கு அழைத்துப் போய் ரொட்டி பிராட்டா வாங்கிக் கொடுத்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டார். "ஒரு வருஷமா இருட்டுல ஏதோ நிக்குது, நிக்குதுன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்," என்றார். "இன்னைக்கு அதுக்கு ஒரு பேரு வெச்சுட்டாங்க. பேரு இருந்தா திட்டலாம் இல்ல?"

மேலாளரிடம் அவரே சொன்னார். துணைக்கு என்னை உள்ளே வரச் சொன்னார், ஆனால் என்னைப் பேசவிடவில்லை. நோயின் பெயர், மருந்து, தன்னால் எது முடியும், எது முடியாது என்று வரிசையாகச் சொன்னார்.

"இதை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டார் மேலாளர்.

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க சார்?"

அவர் யோசித்தார். "தெரியவில்லை," என்றார் நேர்மையாக. பிறகு எழுந்து கண்ணாடி வழியாக அறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உங்கள் மேசையைச் சுவரோரமாக மாற்றச் சொல்கிறேன். இடப்பக்கத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள். டீ வண்டி வரும்போது மணி அடிக்கச் சொல்கிறேன். தலைமை அலுவலகம் கேட்டால் வேகத்தைக் காட்டுகிறேன். அதற்கு மேல் கேட்டால் அப்போது பார்ப்போம்."

பெரிய வீரம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலத்தில், அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவு செய்தவர்களையும் நான் அதிகம் பார்த்ததில்லை. தலைமை அலுவலகம் கேட்கவே இல்லை. அடுத்த வேலைக்கு எங்கள் நிலையத்தையே கூப்பிட்டார்கள். அதற்கு நான் காரணமா, அக்கா காரணமா என்று எனக்குத் தெரியாது.

அந்த அடுத்த வேலைக்குப் போனபோதுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. நான் பையை வைப்பதற்குள் அக்கா கூப்பிட்டார். மேசை சுவரோரம் மாறியிருந்தது.

"நூரு, நீ மாத்தி வெச்ச அந்தப் பழைய கீ எல்லாம் எடுத்துடு."

"எதுக்கு? நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. ஆனா ரோக்கையா நீலத்துல என்னென்னமோ செய்யறா. அட்டவணை போடறா, ரெண்டு பக்கத்தை ஒரே நேரத்துல திறந்து வெக்கறா. எனக்கு அதெல்லாம் வராது, ஏன்னா நான் இன்னும் கறுப்புக்குள்ளயே இருக்கேன். அன்னைக்கு எனக்குப் பயம், அதனால விடல. இப்போ என்ன? எனக்கும் நீலம் சொல்லிக்குடு. அட்டையைப் பாக்க முடியாது, அதுக்கு மட்டும் ஏதாவது வழி பண்ணு."

பழையதில் அவருக்கு ஆசையே இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விழுந்துவிடாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அன்று மாலை சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் போய் ஸ்டிக்கர் பொட்டு கேட்டேன். முக்காடு போட்டிருக்கிற என்னை மேலும் கீழும் பார்த்தார் கடைக்காரர். "யாருக்கும்மா?" என்றார். "கம்ப்யூட்டருக்கு," என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வெல்வெட் பொட்டில் சின்னதும் பெரியதுமாக இரண்டு அட்டை வாங்கினேன்.

மறுநாள் அக்காவின் மேல் வரிசை விசைகளில் ஒன்று விட்டு ஒன்றாக ஒட்டினேன். தொட்டால் விரலுக்குத் தெரியும். முக்கியமானவற்றுக்குப் பெரிய பொட்டு. "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு உங்க கீபோர்டு," என்று ரோக்கையா விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவும் சிரித்தார்.

பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் திரையிலேயே இருந்தது. வலது கையைத் தூக்கி அந்தரத்தில் வைத்துக்கொண்டு, "மொதல்ல எது?" என்றார்.

"கோடியில இருக்கிற பெரிய பொட்டு. எங்கயாவது தெரியாம உள்ள போயிட்டா, அதை அழுத்துனா வெளியே வந்துடலாம்."

கை விசைகளின் மேல் தடவிக்கொண்டே போனது. ஒன்றைத் தொட்டு, இல்லை என்று விலகி, அடுத்ததைத் தொட்டு, கடைசியில் அந்தப் பொட்டின் மேல் போய் நின்றது.

"ஆங், கிடைச்சுது," என்றார் அக்கா. "அடுத்ததைச் சொல்லு."